மரம் வெட்டும் சேவை: வெட்டிய பிறகு கிடக்கும் குப்பைக்கு யார் பொறுப்பு?

வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களை வெட்டித் தரும் சேவைகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்களா, மதிற்சுவரோ சன்ஷேடோ உடையாமல் மரத்தை இறக்கினார்களா என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. அந்த இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய ஒரு குழுவைத்தான் நாங்கள் அமர்த்தியிருந்தோம். ஆனால் மரம் விழுந்த பிறகுதான் வேலையின் பெரும்பகுதி தொடங்குகிறது என்பதாலும், அந்தப் பகுதியைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதாலும், இந்த மதிப்புரையில் வெட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகவும், வெட்டிய பிறகு கிடந்தவற்றைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன். சேவை நடத்துபவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் ஏறக்குறைய எல்லோருடைய வழக்கமும் இதுதான் என்று விசாரித்ததில் தெரிந்ததால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகவும் இருக்காது.

எங்கள் வீடு தென்சென்னைப் புறநகரில், பழைய மனைப்பிரிவு ஒன்றில் இருக்கிறது. மின்கம்பியின் மேல் சாய்ந்துவிட்ட ஒரு தூங்குமூஞ்சி மரம், குருத்தழுகிப் போன இரண்டு தென்னை, மதிற்சுவரை வேரால் தூக்கிவிட்ட ஒரு வேம்பு, இவற்றை அகற்ற வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்த மரங்களில் தூங்குமூஞ்சிக்கு எவ்வளவு பங்கு என்பதை இந்தப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடத்தைப் பார்வையிட வந்த மேஸ்திரி, மரக்கட்டைகளைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும், அதற்கான மதிப்பைக் கழித்துக்கொண்டு 18,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். "எல்லாத்தையும் எடுத்துட்டு, எடத்தைக் கிளீன் பண்ணிக் குடுத்துடுவோம் சார்" என்பது அவர் சொன்ன சொல். அவருடைய விளம்பரப் பலகையிலும் ஏறக்குறைய அதே வாசகம்தான் இருக்கிறது.

வெட்டிய விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. முன்கூட்டியே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகே கம்பியருகில் இருந்த கிளைகளில் கை வைத்தார்கள். ஒவ்வொரு பெரிய கிளையையும் கயிற்றால் கட்டி, கயிற்றை மேல் கவையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இருவர் பிடித்துக்கொள்ள, மெஷின் ரம்பத்தால் அறுத்து, சத்தமில்லாமல் இறக்கினார்கள். தென்னையைக்கூட ஒரேயடியாகச் சாய்க்காமல் மேலிருந்து துண்டு துண்டாக அறுத்தார்கள். பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தின் மேல் ஒரு சருகுகூட விழவில்லை.

பிறகு லாரி வந்தது, வேம்பின் அடிமரமும் தூங்குமூஞ்சியின் பருத்த கிளைகளும் ஏறின, ஒருவர் விளக்குமாற்றால் வாசலைப் பெருக்கினார், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். தோட்டத்தில் இடுப்பளவு உயரத்துக்குத் தழையும் கொப்பும் கிடந்தன. தென்னையின் அடிமரத் துண்டுகளும் மட்டைகளும் சுவரோரம் உருட்டி விடப்பட்டிருந்தன. நான்கு தூர்களும் தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றன. தொலைபேசியில் கேட்டபோது, மரம் வெட்டும் ஒப்பந்தத்தில் கட்டை மட்டுமே அடங்கும் என்றும், தழை, தென்னை, தூர் ஆகியவை "தனி வேலை" என்றும் பதில் வந்தது. கோபமாகவோ ஏமாற்றும் தொனியிலோ அவர் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கத்தை நமக்கு நினைவூட்டுவது போலத்தான் சொன்னார்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. வேம்பு மரஅறுவை மில்லுக்குப் போகும்; தூங்குமூஞ்சியின் கிளை விறகுக் கடைக்கு எடைபோட்டு விற்கப்படும்; இவற்றின் விலையை மனத்தில் வைத்துத்தான் கூலி பேசப்படுகிறது. கட்டை விரல் பருமனுள்ள கொப்பையும் இலையையும் எந்த விறகுக் கடையும் வாங்குவதில்லை. அவை எடையில் குறைவு, ஆனால் இடத்தை அடைப்பதில் கட்டையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், ஒரு குட்டியானையில் மலைபோல் ஏற்றினாலும் உள்ளே பாதிக்கு மேல் காற்றுத்தான் போகும். வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் முழுதாகக் கொடுக்க வேண்டும். ஆகவே விலை போகிற பகுதி எவ்வளவு விரைவாகக் கிளம்புகிறதோ, விலை போகாத பகுதி அவ்வளவு உறுதியாக வீட்டுக்காரரிடம் தங்கிவிடுகிறது. சேவையின் தரத்தை இந்த இரண்டாவது பகுதியை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

தென்னையின் நிலை இன்னும் மோசம். முற்றிய பழைய மரமாக இருந்தால் கூரைக்குக் கைமரமாகவும் வாரையாகவும் அறுக்கலாம். நோய்ப்பட்ட நடுத்தர வயது மரத்தை இனாமாகக் கொடுத்தாலும் எடுத்துப் போக ஆள் கிடைப்பதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு, சாய்ந்த தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்த 1,100 ரூபாயில் 600 ரூபாய் மரத்துக்கான இழப்பீடு, 500 ரூபாய் அதை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. காய்த்துக்கொண்டிருந்த ஒரு மரத்தின் இழப்புக்கும் அதன் உடலை அகற்றும் செலவுக்கும் இடையே 100 ரூபாய்தான் வித்தியாசம் என்பதைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நகரத்து மனையில் இரண்டே மரம் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு இன்னும் கூடுதலாகத்தான் விழும்.

கிளம்பும் முன் குழுவில் ஒருவர் சொன்ன யோசனையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்: "காய்ஞ்சதும் ஒரு தீக்குச்சி போட்டுடுங்க சார், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்." புறநகர் முழுவதும் இன்றும் நடப்பது இதுதான். ஆனால் 2016ஆம் ஆண்டில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, தோட்டக் கழிவை வீட்டுக்காரர் தம் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறையில் அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டன. தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ கொட்டுவதையும் எரிப்பதையும் அப்போதே தடுத்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பையை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பாதி காய்ந்த தழை எரிவதில்லை, புகைகிறது. இரண்டு வீடு தள்ளி ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கும் தெருவில் அதைச் செய்ய மனம் வரவில்லை. தினமும் காலையில் வரும் பேட்டரி வண்டியோ சமையலறைக் குப்பைக்கானது. அதில் ஒரு சாக்குத் தழை போடலாம், ஒரு மரத்தைப் போட முடியாது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள், வெட்டுவதற்கு முன்பே 1913 என்ற எண்ணில் கேட்டு, தோட்டக் கழிவை எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

தழையில் ஒரு பகுதிக்கு எதிர்பாராத வழி பிறந்தது. அடுத்த தெருவில் ஆடு வளர்ப்பவர் ஒருவர் வேப்பந்தழையையும் தூங்குமூஞ்சித் தழையையும் கட்டுக் கட்டாக எடுத்துப் போனார். ஆனால் இதற்குக் கெடு மிகக் குறைவு. தூங்குமூஞ்சியின் சிற்றிலைகள் வாடத் தொடங்கியதும் காம்பைவிட்டு உதிர்ந்துவிடும். பிறகு ஆட்டுக்கும் பயனில்லை, கொப்பில் பிடித்துத் தூக்கினால் இலையெல்லாம் தரையிலேயே தங்கிவிடும், அதை அள்ளுவது தனி வேலையாகிவிடும். வெட்டும் நாளன்றே ஆட்டுக்காரருக்குச் சொல்லி வைத்தால் குப்பையில் கணிசமான பங்கு செலவில்லாமல் குறையும்.

மிச்சத்துக்கு நாங்கள் அழைத்தது, கொப்புகளைத் தூளாக்கித் தரும் இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டும் ஒரு சிறு சேவை. இந்த மதிப்புரையில் மனமாரப் பாராட்ட வேண்டியது இவர்களைத்தான். ஒரு சிறிய வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்து வரும் பெட்ரோல் இயந்திரம். வாய் அகலமாகவும் தொண்டை குறுகலாகவும் இருக்கும். மூன்று அங்குலத்துக்கு மேல் பருத்த கொப்பை அது ஏற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஓட்டுநரான இளைஞர் கொப்பின் அடிப்பக்கத்தை முதலில் கொடுத்து, இயந்திரம் பற்றியதும் கையை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் விலகி நின்றார். இழுபடும் கொப்பின் கவைகள் சாட்டைபோல் வீசுவதால் நேர் எதிரே நிற்கக் கூடாதாம். கண்ணாடியும் காது மூடியும் அணிந்திருந்தார். எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். இடுப்பளவு கிடந்த குவியல் ஒரு மூலையில் சிறு மேடாகச் சுருங்கியது. காற்று வெளியேறிவிட்டதால் ஏற்பட்ட சுருக்கம்தான் இது என்றாலும், வண்டி வாடகைக் கணக்கில் இதன் பொருள் பெரியது.

தென்னை மட்டையைப் போட்டதும் இயந்திரம் திணறியது. ஓலையின் நார் வெட்டுக்கத்தியின் உருளையைச் சுற்றிக்கொள்ள, நிறுத்தி, மூடியைக் கழற்றி, அரிவாள் நுனியால் நாரை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. கூடுதல் கட்டணம் கேட்டு இழுத்தடிக்காமல், "ஓலை இந்த மெஷினுக்கு ஆகாது சார், அதைத் தனியா வெச்சுக்குங்க" என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். பச்சை ஓலையைக் கீற்று முடையவும், முற்றியதைத் துடைப்பத்துக்கு ஈர்க்கு கிழிக்கவும் கொடுக்கலாம் என்பது சொல்வதற்கு எளிது. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் கீற்று முடைபவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. பாளையையும் பன்னாடையையும் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவதற்கென்று பக்கத்து வீட்டு அம்மா எடுத்து வைத்துக்கொண்டார்.

தூளாகிய மரத்தை என்ன செய்வது என்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. பச்சை மரத்தூளைச் செடியின் வேர்ப்பகுதி மண்ணில் கிளறிவிட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தாங்கள் இழுத்துக்கொள்ளும். செடி சில வாரங்களில் வெளிறிப்போகும். மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்பினால் இந்தச் சிக்கல் பெரிதாக வருவதில்லை, ஈரமும் காக்கப்படும். மரத்தின் பட்டையைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். கரையான் வரும் என்பதால் வீட்டுச் சுவரோரமும் வாசல் நிலையருகிலும் போடவே கூடாது. மட்க வைக்க விரும்பினால் மாட்டுச் சாணமோ சிறிது யூரியாவோ சேர்ப்பது அவசியம். தென்னைநார்க் கழிவை மட்கச் செய்யத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில்கூட ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா சேர்க்கப்படுகிறது. எங்கள் குவியலில் இலையும் கலந்திருந்ததால் அது தானாகவே சூடேறியது. நடுவில் கையை விட்டால் தாங்க முடியாத அளவுக்குச் சூடு, மேலே வெண்பூஞ்சை படர்ந்த சாம்பல் அடுக்கு. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, கிளறித் தண்ணீர் தெளித்தால் போதும்.

தென்னை அடிமரத்தை மட்டும் சும்மா கிடக்க விடவே கூடாது. அழகாக இருக்கிறதே என்று பாத்தி வரம்பாகவும் உட்காரும் திண்டாகவும் போட்டு வைப்பவர்கள் உண்டு. மழையில் நனைந்து உள்சோறு மட்கத் தொடங்கியதும் அது காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடமாகிவிடும். பின்வீட்டுக்காரர் முந்தைய ஆண்டு போட்டு வைத்திருந்த ஒரு துண்டைக் கடப்பாரையால் பிளந்து காட்டினார்: செம்பழுப்புத் தூளுக்குள், விரல் பருமனில், பால்வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாகச் சுருண்டு கிடந்த புழுக்கள். இவை வண்டாகிப் பறந்து போய்த் தாக்குவது அந்தத் தெருவில் மிச்சமிருக்கும் தென்னைகளின் குருத்தைத்தான். குருத்தில் அது போடும் துளை, சிவப்புக் கூன்வண்டுக்கும் வழி திறந்துவிடுகிறது. விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போன்ற விசிறி வடிவ வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அது காண்டாமிருக வண்டின் வேலைதான். ஆகவே மரம் வெட்டும் குழு தென்னையை விட்டுச் செல்வதை, வெறும் இட அடைப்பாகக் கருத முடியாது. எங்கள் துண்டுகளை, செங்கல் சூளைக்கு விறகு ஏற்றும் டிராக்டர்க்காரர் ஒருவர், பணம் கொடுக்காமல், பணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார். அதையும் பேரம் என்றே கொள்ள வேண்டும்.

தூர் விஷயத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. பொக்லைன் வைத்துத் தோண்டுவது விரைவு. ஆனால் மணிக்கணக்கு வாடகையோடு குறைந்தபட்ச நேரக் கட்டணமும் உண்டு, அது உள்ளே வர கேட்டின் அகலம் போதுமா என்பதும் தெரிய வேண்டும், பாதாளச் சாக்கடைக் குழாயும் போர்வெல் குழாயும் எங்கே போகின்றன என்பதை இயந்திரம் அறியாது. மதிற்சுவரை ஒட்டிய வேம்பின் தூரை இழுத்தால் சுவரின் அடித்தளமும் கூடவே வரும் என்று பொக்லைன் ஓட்டுநரே எச்சரித்ததால், அதைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்து விட்டுவிட்டோம். இரண்டாவது வழி ஆட்களை வைத்துக் கோடாலியாலும் கடப்பாரையாலும் எடுப்பது. தென்னைக்கு இது பொருந்தும். அதற்கு ஆணிவேர் கிடையாது, விரல் பருமனுள்ள சல்லிவேர்கள்தாம் கொத்துக் கொத்தாக இருக்கும், சுற்றிலும் மண்ணைப் பறித்து வேரை அறுத்தால் குடம்போல் உருண்டு வந்துவிடும். மூன்றாவது, சும்மா விட்டு மட்கச் செய்வது. தென்னை மறுபடி துளிர்க்காது. வேம்பும் தூங்குமூஞ்சியும் துளிர்க்கும், துளிர்த்தன. பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும், கல் உப்பு கொட்டினால் பட்டுப்போகும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். உப்பு மரத்தைக் கொல்வதற்கு முன் மண்ணைக் கெடுக்கும். வரும் துளிரை விரல் நீளத்திலேயே தொடர்ந்து ஒடித்துவிடுவதுதான் பக்கத்திலுள்ள செடிக்குக் கெடுதல் இல்லாத முறை. தூரில் சேர்ந்திருக்கும் உணவு தீர்ந்ததும் அது அடங்கிவிடும்.

இனி சேவைக்கான மதிப்பீடு. வெட்டும் திறனுக்கு ஐந்துக்கு ஐந்து. இடத்தைச் சுத்தம் செய்ததற்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் வாசலைப் பெருக்கியதற்காக. 18,000 ரூபாய் என்று பேசிய வேலை, கொப்பு இயந்திரம், டிராக்டர், பொக்லைன், ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இன்னொரு பாதியைக் கூட்டிக்கொண்டது. அந்தத் தொகையை முதலிலேயே சொல்லியிருந்தாலும் இவர்களையே அமர்த்தியிருப்போம் என்பதுதான் வேடிக்கை. கொப்பு இயந்திரச் சேவைக்கு ஐந்துக்கு நான்கரை; ஓலையை ஏற்காத குறை இயந்திரத்தினுடையது, ஆட்களுடையது அல்ல. வெட்டும் குழுவோடு பேசும்போது "சுத்தம்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், கட்டை, கொப்பு, தழை, தென்னைத் துண்டு, மட்டை, தூர், மரத்தூள் என ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, தூரைத் தரைக்கு எவ்வளவு கீழே அறுக்க வேண்டும், வண்டி வாடகை யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மீதிப் பணத்தைக் கடைசி வண்டி கிளம்பிய பிறகே கொடுக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் இதே குழுவிடம் அப்படி எழுதிக் கேட்டபோது, மேஸ்திரி மறுப்பேதும் சொல்லாமல், தழைக்கும் தூருக்கும் தனித்தனியாக ஒரு தொகையைப் போட்டுக் கொடுத்தார்.

தென்னைத் தூர் எடுத்த குழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடந்த கட்டைத் துண்டுகளையும் தழையையும் அதற்குள் தள்ளி மேலே மண்ணைப் போட்டு மூடித் தருவதாகக் குழுவில் ஒருவர் சொன்னதை ஏற்காதது நல்லதாயிற்று. மட்கும் பொருள் உள்ளே இருந்தால் கரையானும் வரும், தரையும் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். மண்ணை மட்டும் அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியும்கூட, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழைக்கு ஒரு சாண் இறங்கியது. மேலும் கொஞ்சம் செம்மண் போட்டு நிரவியிருக்கிறோம். புதிதாகக் கன்று வைப்பவர்கள் அந்தக் குழியை விட்டு நான்கைந்து அடி தள்ளி வைப்பது நல்லது; அறுபட்ட பழைய வேர்கள் மண்ணுக்குள் இன்னும் சில காலம் மட்கிக்கொண்டுதான் இருக்கும்.